பெட்டகத்துள் உறங்கும் வரலாறு

நதிமூலமும் இருடிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அதனைக் கேட்டு வளர்ந்தமையாற்போலும், நம் குடிமூலத்தையும் ஆராயாது விட்டுவிட்டோம். பாட்டனார் பெயரைத் தடையின்றிக் கூறுவோர் பலர். பூட்டனார் பெயரைக் கேட்பின் சிறிது தயங்குவர். பூட்டியார் பெயரைக் கேட்பின் வாய் திறவார். பிறநாட்டு அரசரின் வழிமுறைகளைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணிய நாம், நம் வீட்டின் நான்காந் தலைமுறையை அறியாதிருத்தல் நாணத்தக்கதே. பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கு கூடும் இவ்விழாக் காலத்தில் இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

திருக்கோணமலை ஒரு துறைமுகம். துறைமுகத்தின் இயல்பு, வருவோரை ஏற்பதும் செல்வோரை வழியனுப்புவதுமாம். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1782இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை, அத்தளத்து வேலையை நாடி யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் தென்னிந்தியரும் பிறரும் இங்கு வந்து குடியேறினர். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலோ, அதற்கு நெடுங்காலத்தின் முன்னரே குளக்கோட்டு மன்னன் பிறவூர்களிலிருந்து குடிகளை வருவித்து ஆலயத் தொண்டுகளை வகுத்தளித்தான் எனக் கூறுகின்றது. ஆகவே இவ்வூரில் வந்தேறாத குடி யாது என வினவின் விடை கூறுதல் எளிதன்று.

வந்த வழி பலவாயின், சிதறிய வழியும் பலவாயின. 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டு வீசியபோது பட்டினத்தார் பலர் வெளியேறினர். 1964 திசெம்பரில் பெரும்புயல் வீசிற்று. 1983 முதல் நேர்ந்த வன்செயல்களும் போரும், 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் வீடுகளோடு வீட்டுப் பத்திரங்களையும் கொண்டுபோயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஓரிடத்திற் குவித்து வைத்த ஏடுகள் ஓரிரவில் அழியும் என்பதையும் கண்டோம். எஞ்சியிருப்பவை முதியோரின் நினைவும் பெட்டகத்தின் அடியிற் கிடக்கும் சில தாள்களுமே. இவற்றுள் முன்னையது ஆண்டுதோறும் குறைகின்றது.

குடிவரலாறு வெறும் பொழுதுபோக்கு என்பாருக்கு ஒன்று கூறுவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும் அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தவரெனக் காட்டுமாறு கேட்டது. அவ்வாறு காட்ட இயலாமையால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அத்துயர் முற்றாக நீங்கவில்லை. நம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திற் பாட்டனாரின் பிறப்பிடத்தை வினவும் கட்டம் இருத்தலை இன்றும் காணலாம். இடம்பெயர்ந்து மீண்டோர் தம் வளவைத் தமதென நிறுவுதற்கும் இத்தகைய தாள்களையே தேடி அலைந்தனர். பூட்டனார் பெயர் அறிதல் சிலருக்குப் பெருமை. வேறு சிலருக்கு வாழ்வு.

இனி, தேடும் முறையைக் கூறுவாம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லல் வேண்டும். தம்மிடமிருந்து தொடங்கித் தாய் தந்தையர், அவர்தம் பெற்றோர் என ஒவ்வொரு படியாக ஏறுக. புகழ்பெற்ற ஒருவரை முதலிற் கண்டு, அவரிடமிருந்து தம் வரைக்கும் கயிறு திரிப்பது வரலாறாகாது.

முதலாவது, முதியோரை அணுகுக. ஆச்சியாரிடம் “நீங்கள் பிறந்தது எந்த ஆண்டு?” என்று கேட்பின் விடை கிடையாது. “யப்பான்காரன் குண்டு போட்டபோது உங்கள் மடியில் எந்தப் பிள்ளை இருந்தது?” எனக் கேட்பின் விடை தானே வரும். அக்குண்டு வீழ்ந்தது விசு வருடப் பங்குனி. புயல் வீசியது குரோதி வருட மார்கழி. இவ்விரண்டையும் நடுகல்லாக வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணலாம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டிற்கொருமுறை மீள வருமென்பதை மறத்தலாகாது. சித்திரபானு என்றால் 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம். கூறுவதைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, கூறியவர் பெயரையும் நாளையும் உடன் எழுதி வைக்க.

இரண்டாவது, வீட்டுப் பெட்டகம். சாதக ஓலை, திருமண அழைப்பிதழ், சம்பளச் சீட்டு, படத்தின் பின்புறத்து எழுத்து என்பன யாவும் சான்றுகளே. அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டும் நினைவு மலரும் நம் நாட்டுத் தமிழர்க்கே வாய்த்த பெருஞ்செல்வம். பிறந்த ஊர், மணந்தோர், மக்கள், மருமக்கள், இறந்த திதி ஆகிய அனைத்தும் அவற்றில் அடங்கும். நூலகம் நிறுவனம் இவை போன்றவற்றை இணையத்தில் ஏற்றிக் காத்து வருகின்றது.

மூன்றாவது, அரச பதிவுகள். 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் பிறப்பும் இறப்பும் பதியப்பட்டு வருகின்றன. நாளும் பதிவிலக்கமும் தெரியின் பிரதேச செயலகத்திற் படி பெறுதல் எளிது. தெரியாவிடின் அண்ணளவான ஆண்டைக் குறித்துத் தேடுமாறு விண்ணப்பிக்கலாம். மரபுப்படி பேரனுக்குப் பாட்டன் பெயர் இடுவதால், ஒரே பெயரினர் இருவரை ஒருவராக மயங்குதல் எளிது. சின்னத்தம்பி என்னும் பெயரை ஆங்கிலத்திற் பலவாறு எழுதியிருப்பர். ஒரு வடிவிற் காணவில்லையெனிற் பிற வடிவுகளையும் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, காணி உறுதி. கொடுத்தவர், பெற்றவர், அவர்க்குள்ள உறவு, நாற்புறத்து எல்லைக் காணிகளின் சொந்தக்காரர் என ஓர் உறுதியில் ஒரு தெருவின் வரலாறே கிடைக்கும். உறுதி தொலைந்ததாயினும் காணிப் பதிவகத்தின் ஏட்டில் அதன் குறிப்பு இருத்தல் கூடும். ஆலயங்களில் திருவிழா உபயகாரர் பட்டியலும், தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவும், பாடசாலைகளிற் சேர்வு இடாப்பும் இவற்றிற்குத் துணையாவன. இவற்றின் பின்னரே கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடுதல் தகும்.

எம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பிழையாகாது. எம் பூட்டனார் சொந்தப் பாய்க்கப்பல் உடையவர் என்றும், அது கடலில் அமிழ்ந்தபின் இவ்வூரில் தங்கினார் என்றும் எம் வீட்டார் கூறுவர். இளமையில் அக்கதையைத் தோழரிடம் பன்முறை சொல்லிப் பெருமை கொண்டோம். ஆச்சியார் மறைந்தபின் அவரது பெட்டகத்துள் நன்கொடை உறுதி ஒன்று கிடைத்தது. பூட்டனார் வளவென நாம் வழங்கிய நிலம், பூட்டியாருக்கு அவர் தாயார் அளித்தது. பின்னர் விவாகப் பதிவின் படியைப் பெற்றோம். அதிற் பூட்டனாரின் தொழில் தச்சு வேலை எனக் கண்டிருந்தது. கப்பல் எங்கும் இல்லை. உறுதியின் அடியில், எழுதப் படிக்க அறியாத பூட்டியார் கீறிய புள்ளடி இருந்தது. அதற்கு அருகில் எழுதப்பட்டிருந்த பெயரை அன்றுதான் முதன்முதல் அறிந்தோம். இழந்த கப்பலைப்பற்றி எமக்கு இன்று வருத்தமில்லை. கூலிக்கு உளி பிடித்த ஒருவரும், கையெழுத்திட அறியாத ஒருத்தியும் தம் மக்களைக் கல்லூரி வாயில் வரைக்கும் கொண்டுவந்தனர் என்பது கப்பலினும் பெரிது.

இதனால் இரண்டு படிப்பினைகள் பெற்றோம். வாய்மொழி வழிகாட்டும், தனித்து நின்று சான்றாகாது. ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் உடன்பட்ட பின்னரே ஒன்றை முடிபாகக் கொள்ளல் வேண்டும். அன்றியும், பெண்வழியை விடுத்து எழுதும் குடிவரலாறு பாதி வரலாறே. கிழக்கிலங்கையிற் பல ஊர்களிற் குடி என்பதே தாய்வழி வருவதாம். அவ்வாறிருக்க, ஆடவர் பெயரை மட்டும் கொடிபோல் வரைந்து வைத்தல் நம் மண்ணின் வழக்கிற்கே மாறாகும்.

எச்சரிக்கையும் ஒன்றுண்டு. குடிவரலாறு தேடப் புகுவோர் சிலர் சாதிப்பெருமை தேடி முடிகின்றனர். அத்தகையோர் தேடாதிருத்தலே நன்று. உண்மையாகத் தேடுபவன் நான்கு தலைமுறை ஏறுமுன்னரே பிறவூரார், பிற தொழிலார், சில வேளை பிற சமயத்தார் தன் இரத்தத்திற் கலந்திருத்தலைக் காண்பான். கண்டதை மறைத்தலும் வேண்டா. உயிரோடிருப்பவர் மனம் நோவ அம்பலப்படுத்தலும் வேண்டா.

கன்னியா வெந்நீரூற்றிற் சென்று மூத்தோர்க்குக் கடன் கழிக்கும் வழக்கமுடையோம். பெயர் அறியாதார்க்கு எள்ளும் நீரும் இறைப்பது எங்ஙனம்? ஆகவே பழைய மாணவர் ஒவ்வொருவரும் நான்கு தலைமுறையின் பெயர், ஊர், தொழில், சான்று ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு படியை வீட்டிலும் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும் வைப்பாராக. ஆசிரியர்கள் பழைய சேர்வு இடாப்புகளைக் கறையான் அரிக்குமுன் படம் பிடித்துக் காப்பாராக. மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவர் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, கேட்டதை எழுதுங்கள். அடுத்த விழா மலர் வரும்போது அவரைக் கேட்டறிய வாய்ப்பு இல்லாது போகலாம்.