தாலி ஏறினதும் கால் முளைச்சிருச்சா?

இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. இலங்கையில் கடைசிப் போலியோ 1993இல் என்கிறார்கள். நான் அதற்கு முந்தியவள். தொடைவரைக்கும் இரும்புக் கேலிப்பர். அதைப் பூட்டிக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறேன். பஸ் மிதிபலகை எனக்கு எட்டாது. எங்கே போவதென்றாலும் திரீவீல்தான். அந்தத் திரீவீல் காசு, கேலிப்பர் வார் மாற்றுகிற காசு, இதற்கெல்லாம்தான் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு. முன்பு ஐயாயிரம், 2024இல் 7,500.

அந்த வருடக் கடைசியில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. நாற்பதுக்குப் பிறகு வந்த கல்யாணம். அவர் நாட்டாமை, புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். மாமியாரும் கொழுந்தனும் ஒரே வீடு. கொழுந்தனிடம் லீசிங் முடியாத திரீவீல் ஒன்று இருக்கிறது. அரசின் அஸ்வெசும நலத்திட்டம் வந்த 2023இலிருந்து கொடுப்பனவுக்கு ஆளைப் பார்ப்பதில்லை, வீட்டைத்தான் பார்க்கிறார்கள். 22 குறிகாட்டிகளாம். கரண்ட் பில், வாகனம், வீட்டு வருமானம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தார்கள். அம்மா வீட்டில் ஏழையாக இருந்தவள் மாமியார் வீட்டு வாசற்படி ஏறியதும் வசதிக்காரி ஆகிவிட்டேன். காசு நின்றது.

ஏன் நின்றது என்று அலுவலகத்துக்குக் கேட்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: "தென் மஹத்தயா இன்னவானே அக்கே." இப்போது புருசன் இருக்கிறார்தானே என்று. ஏதோ நல்வாழ்த்துச் சொல்வது போல.

இருக்கிறார். தங்கமான மனுசன். ஆனால் தாலி ஏறினதும் கால் முளைச்சிருச்சா? கொடுப்பனவு வாங்கிய காலத்தில் மாதம் பிறந்தால் அது என் கையில் இருக்கும், என் காசு. இப்போது வார் அறுந்தால் முந்நூறு ரூபாய்க்கு அவர் குளித்துச் சாப்பிடும்வரை காத்திருந்து, முகம் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் ஒரு தடவைகூட இல்லை என்றதில்லை. அதுதான் இன்னும் கூசுகிறது.

"கல்யாணத்தப் பதியாம இருந்திருந்தா காசு வந்துகிட்டே இருக்கும்" என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. நல்ல யோசனை! மாதாமாதம் காசு வாங்குவதற்காக நான் வைப்பாட்டி என்று பேர் எடுக்க வேண்டுமா? கல்யாணம் செய்யவும் குடும்பம் நடத்தவும் எங்களுக்கு உரிமை உண்டு என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கையெழுத்துக்கென்ன, அதற்குக் காசா பணமா?

பணக்கார நாடும் இதில் பெரிய யோக்கியம் இல்லை. அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்கிற அரசு உதவி வாங்கும் தனியாள் 2,000 டொலர்வரை சேர்த்து வைக்கலாம். இரண்டு பேர் கட்டிக்கொண்டால் நாலாயிரம் இல்லை, மூவாயிரம். கல்யாணத்துக்கு ஆயிரம் டொலர் தண்டம்!

2025 பட்ஜட்டில் கொடுப்பனவை 10,000 ஆக்கினார்கள். ரேடியோவில் சொன்னபோது நான் சணல் கயிற்றால் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி முறையீடு எழுதிக்கொண்டு போனேன். குடும்பத் தலைவரை நேரில் கூட்டி வரச் சொன்னார்கள். ஒரு நாள் அவர் மூட்டை தூக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. கால் என்னுடையது மிஸ், அவரை எதற்கு?