மதிப்பெண்ணும் குதிரைப் பயிற்சியும்

கற்றலுக்குத் துணை நிற்பது தேர்வு; தேர்வுக்காகவே கற்றல் என்னும் நிலை நேருமாயின் இரண்டும் கெடும். மாணவர் உலகம் நன்கறிந்த இவ்வுண்மை, மேலைநாடுகளில் தழைத்த 'டிரஸ்ஸாஜ்' என்னும் குதிரையேற்றப் போட்டிக்கும் பொருந்தும். பழக்குதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று தோன்றியது இப்பெயர். குதிரையும் ஏறியிருப்பவரும் ஒருமித்து இயங்கும் இக்கலை, 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் போட்டியாயிற்று.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புதியோர்க்கெனத் தொடக்கநிலைப் போட்டிகள் நடைபெறுகின்றன. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் மெதுநடையும் துள்ளுநடையுமே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, குறிப்பும் எழுதுகிறார்.

இவற்றால் நன்மை உண்டா? உண்டு. புதிய இடத்தில் அமைதி காக்கக் குதிரை பழகுகிறது. பயிற்றுநரின் பழகிய கண்ணுக்குத் தப்பிய குறையை அயலார் கண் காட்டிவிடுகிறது.

எனினும் தீமையும் உண்டு. குதிரையின் பின்னங்கால்கள் ஊன்றி உந்த, முதுகு இளகும்போது கழுத்து தானாக வளையும். மதிப்பெண்ணை விழையும் புதியவரோ கடிவாள வாரை இழுத்து அவ்வளைவை வரவழைக்க முயல்கிறார். வாய் நோகிறது, முதுகு இறுகுகிறது. ஒரே பாடத்தை நாளும் ஓட்டினால், கட்டளைக்கு முன்னரே குதிரை திரும்பிவிடுகிறது. அது மனப்பாடமேயன்றிப் பயிற்சியன்று. ஜெர்மானியப் பயிற்சி மரபு சீரான நடைத்தாளத்தை முதற்படியாகவும், உடலைத் திரட்டி இயங்கும் ஆற்றலை இறுதிப்படியாகவும் வைத்திருப்பது எண்ணத்தக்கது. வற்புறுத்திப் பெறும் அசைவில் அழகில்லை என்பதை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் செனோஃபன் உணர்த்தியுள்ளார்.

இத்தேர்வை எழுதுவோர் இருவர். அவருள் ஒருவர் விரும்பி விண்ணப்பித்தவர் அல்லர். முறையிடவும் அவ்வாயில்லா உயிருக்கு இயலாது. ஆதலின், பொறுப்பு முழுவதும் மாந்தரையே சாரும். பரிசுப் பட்டையைக் காணுமுன் நடுவர் குறிப்பைப் படிக்கும் வழக்கத்தைப் பயிற்றுநர் வளர்த்தல் வேண்டும். விலையுயர்ந்த குதிரையின் பிறவி நடையழகைக் காட்டிலும், ஏறியவரின் அசையாத கைகளையும் நிலையான இருக்கையையும் நடுவர் போற்றுதல் வேண்டும். குதிரை ஆயத்தமாகாத நாளில் களம் புகாதிருப்பதும் கல்வியே.

இந்நெறி நின்றால் தொடக்கநிலைப் போட்டி ஒரு நல்லாசிரியன். தவறினால் அது வெறும் மதிப்பெண் வேட்டை. அவ்வேட்டையில் அடிபடுவது குதிரை.