கடல் கடந்து வந்த குழல்

இராமநவமிக் காலத்தில், சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் தமிழரும் கன்னடியரும் ஒரே பந்தலின்கீழ் அமர்ந்து கச்சேரி கேட்பது நம் நகரின் பழைய வழக்கம். பக்கத்தில் இருப்பவர் என்ன மொழியினர் என்று அங்கே எவரும் வினவுவதில்லை. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை கித்தாரையோ கீபோர்டையோ கையில் எடுத்தால் மட்டும், "இது நம்முடைய வாத்தியமா?" என்று கேட்டுவிடுகிறோம். அக்கேள்விக்கு விடையாக வாழ்ந்தவர் கத்ரி கோபால்நாத்.

1949ஆம் ஆண்டு, தென் கன்னட மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தையார் தனியப்பா நாகஸ்வரக் கலைஞர். மைந்தரும் முதலில் பயின்றது அதனையே. மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோன் ஒலிக்கக் கேட்டதும் அவர் உள்ளம் அதன்பால் சென்றது.

பெல்ஜிய நாட்டு அடால்ப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற கருவி அது. பட்டாள வாத்தியக் குழுக்களில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் ஆப்பிரிக்க வழியினர் படைத்த ஜாஸ் இசையில் பெரும்புகழ் கொண்டது. நம் சங்கீதத்திற்கு அது எளிதில் இணங்கவில்லை. நாகஸ்வரத்தில் விரல் துளையை நேரே தொடும். பாதி மூடியும் மெல்லத் திறந்தும் கமகம் பிறப்பிக்கலாம். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே மூடிகள் நிற்கின்றன. சுரங்களை வளைத்து இழைப்பது பெரும்பாடு. கருவியில் சில மாற்றங்கள் செய்தும், உதட்டையும் மூச்சையும் பழக்கியும் கோபால்நாத் அதனை வசப்படுத்தினார். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின! மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனும் அவருக்கு ஆசான்கள்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டி அவருடன் இணைந்து வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்திய இசைவிழாவிற்கு அழைக்கப்பட்டார். அப்பெருமை பெற்ற முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவரே. அவ்வாண்டில்தான் 'டூயட்' திரைப்படத்தின் வாயிலாக அவர் குழலோசை தமிழர் இல்லந்தோறும் புகுந்தது. 2004இல் பத்மஸ்ரீ விருதும், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் கிட்டின. 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் மறைந்தார்.

கன்னட நாட்டில் பிறந்து, சென்னையில் கற்று, ஐரோப்பியக் குழலில் கீர்த்தனைகளை இசைத்தவரை எந்நாட்டார் தமக்கென்று உரிமை கொண்டாடுவது? பிள்ளை அயல்நாட்டுக் கருவியை விரும்பினால் தடுக்க வேண்டாம், பெற்றோரே. நல்ல ஆசானிடம் சேர்த்துவிடுங்கள்; நாள்தோறும் சாதகம் நடக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.