பல்லுக்கு அளவு கொடுக்க பஸ் ஏற வேண்டுமா?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பல் டாக்டருக்குப் படிக்கவில்லை. படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அம்மாவோடு கிளினிக் வாசலில் காத்துக் கிடந்தபோது தெரிந்துகொண்டது. மீதி, பி.டி.எஸ் படிக்கும் பள்ளித் தோழன் ஒருவனை நச்சரித்துக் கேட்டது. அதனால் எங்காவது சறுக்கினால் தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை. கோபமும் என்னுடையதுதான்.

கதை இதுதான். போன வருஷம் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தார்கள். திருச்சியில் ஒரு கிளினிக். ரூட் கெனால் செய்த பல் வலுவிழந்த பல், மேலே கேப் போடாவிட்டால் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது பிளந்துவிடும் என்றார்கள். சரி, போடுங்கள் என்றோம். பல்லைச் சுற்றி அரைத்தார்கள். ஒரு தட்டில் மாவு மாதிரி ஒன்றைக் குழைத்து வைத்து, வாய்க்குள் விட்டு அழுத்தினார்கள். அம்மாவுக்குக் குமட்டிக் குமட்டிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவ்ளோதாம்மா, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார்கள்.

போனோம். கேப் உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தேய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில், "அளவு சரியா விழலம்மா, இன்னொரு தடவை எடுத்துடலாம்." மறுபடி மாவு, மறுபடி குமட்டல், மறுபடி ஒரு வாரம்.

இலுப்பூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. ஆனால் அம்மா வீட்டில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். ஒரு நாள் திருச்சி போனால் அன்றைக்குத் தையல் கிடையாது, வருமானமும் கிடையாது. பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான், திருச்சி பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். துணைக்குப் போகிற எனக்கும் சேர்த்து. கடைசியில் கேப் மாட்டிக்கொண்டு திரும்பி வரும்போது விராலிமலை தாண்டியதும் அம்மா சொன்னார்: "ஒரு பல்லுக்கு நாலு நாள் போச்சுடா. புடுங்கிப் போட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பல் போவதற்குக் காரணம் சொத்தை மட்டும் இல்லை. தூரமும்தான்.

உள்ளூரிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் இங்கே அளவு எடுத்தாலும் அது பார்சலாகி வெளியூர் லேபுக்குப் போய், கேப்பாகத் திரும்பி வர வேண்டும். அளவு தப்பு என்பது கேப் வந்த பிறகுதான் தெரியும். லேப் இருக்கிற ஊருக்கே போய்விட்டால் சீக்கிரம் முடியும் என்று நாங்களாக ஒரு கணக்குப் போட்டோம். கணக்குத் தப்பிவிட்டது.

எரிச்சல் என்னவென்றால், அந்தக் கிளினிக் சுவரிலேயே பெரிதாக ஒரு போஸ்டர்: மாவு வேண்டாம், குமட்டல் வேண்டாம், டிஜிட்டல் ஸ்கேன் உண்டு! கேட்டேன். "அது ஜிர்கோனியா கேப் போடுறவங்களுக்கு சார்" என்று பதில் வந்தது. அதாவது விலை உயர்ந்த கேப்புக்கு ஸ்கேன், அம்மாவின் கேப்புக்கு மாவு.

அந்த ஸ்கேனர் என்ன செய்கிறது? பேனா மாதிரி, ஆனால் கொஞ்சம் தடிமனான ஒரு கருவி. அதன் நுனியை வாய்க்குள் விட்டுப் பல்வரிசை மேல் மெதுவாக நகர்த்துகிறார்கள். அது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் படம் படமாகப் பிடிக்கிறது. சாப்ட்வேர் அந்தப் படங்களை ஒட்டித் தைத்து, பல்லின் முப்பரிமாண உருவத்தைத் திரையில் வரைகிறது. முடிவில் கையில் இருப்பது ஒரு ஃபைல். சினிமாப் பாட்டு வீடியோ அனுப்புகிற நேரத்தில் அதை லேபுக்கு அனுப்பிவிடலாம். லேபில் கம்ப்யூட்டரில் கேப்பை வடிவமைத்து, மெஷினில் கடைந்து எடுக்கிறார்கள்.

இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. பிரான்சில் ஃபிரான்சுவா துரே என்பவர் 1973இல் தன் ஆய்வேட்டிலேயே ஒளியால் பல் அளவு எடுக்கும் யோசனையை எழுதிவிட்டார். ஜூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற எஞ்சினியரும் சேர்ந்து 'செரெக்' என்ற கருவியை உண்டாக்கி, 1985இல் ஒரு நோயாளிக்குப் பல்லை அளந்து, கடைந்து, அன்றே பொருத்தியும் காட்டினார்கள். 40 வருஷம் ஓடிவிட்டது. நம் ஊரில் இது இன்னும் போஸ்டரில்தான் இருக்கிறது.

மாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அச்சு எடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டை ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பதும் இதே வித்தைதான். ஆனால் கல்வெட்டு அசையாது, எச்சில் ஊறாது, குமட்டாது. ஆல்ஜினேட் என்கிற அந்த மாவு பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. ஈரம் போனால் சுருங்கும், தண்ணீரில் கிடந்தால் உப்பும். உடனே ஸ்டோன் ஊற்றி அச்சு எடுக்காவிட்டால் அளவு மாறிவிடும். சிலிக்கான் ரகங்கள் நாட்கணக்கில் தாங்கும், ஆனால் விலை அதிகம். எந்த ரகமானாலும் பிரச்சினை ஒன்றுதான். பல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் விழுந்திருந்தால், உன்னிப்பாகப் பார்க்காத கண்ணுக்கு அது தப்பிவிடும். லேபில் அச்சு வார்த்த பிறகோ, கேப் வாயில் உட்காராதபோதோதான் தெரியும். அப்போது நோயாளி 40 கிலோமீட்டர் தள்ளித் தையல் மெஷின் முன்னால் இருப்பார்.

ஸ்கேனரில் தப்பு அங்கேயே, அப்போதே, திரையில் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். விட்டுப்போன இடத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். குமட்டல் இல்லை, ஸ்டைலாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். எனக்கு இதன் பெரிய லாபம் இதுதான்: நோயாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே தப்பு தெரிந்துவிடுகிறது.

இப்போது சொல்லுங்கள், இந்த லாபம் யாருக்கு அதிகம் தேவை? லேப் நாலு தெரு தள்ளி இருக்கிற தில்லைநகர்க்காரருக்கா? அவருக்கு அளவு தப்பினால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி போவார். தூரத்தை ஒழிக்கிற கருவியைக் கொண்டுபோய்த் தூரமே இல்லாத இடத்தில் வைத்திருக்கிறோம்! தண்ணீர் லாரியை ஆற்றங்கரையில் நிறுத்தியிருப்பது போல.

இதைச் சொன்னால் வருகிற பதில்கள் எனக்குப் பாடமே ஆகிவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"விலை தெரியுமா தம்பி?" தெரியும். சில லட்சத்தில் ஆரம்பித்து, அதன் பல மடங்கு வரை போகிறது. ஆனால் ஊருக்கு ஒன்று வாங்கச் சொல்லி யார் கேட்டது? ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர், இரண்டும் ஒரு பெட்டிக்குள் அடங்கும். திங்கள் இலுப்பூர், செவ்வாய் அன்னவாசல், புதன் விராலிமலை என்று வாரச்சந்தை மாதிரி சுற்றட்டும். நூறு நோயாளிகள் பஸ் ஏறுவதற்குப் பதில் ஒரு பெட்டி பஸ் ஏறட்டும். விலையைப் பற்றி இன்னொன்று: கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் ஒரு காலத்தில் இறக்குமதி, யானை விலை. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் தொடங்கி, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து காட்டினார்கள். விலை தானாக இறங்காது, இறக்கினால்தான் இறங்கும்.

"அது அவ்வளவு துல்லியம் இல்லையே?" நல்ல கேள்வி. நூற்றுக்கு நூறு துல்லியம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள். ஸ்கேனருக்கு ஒளி படுகிற இடம்தான் தெரியும். ஈறுக்கு அடியில் மறைந்த ஓரத்தையும், ரத்தமும் எச்சிலும் மூடிய இடத்தையும் அது பார்க்காது. பழையபடி நூல் வைத்து ஈறை ஒதுக்கி, உலர்த்திவிட்டுத்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும். முழுத் தாடையையும் ஸ்கேன் செய்தால் படங்களை ஒட்டும்போது சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். பல்லே இல்லாத பாட்டிக்குப் பல் செட் செய்ய இன்றும் பெரும்பாலும் மாவுதான் கை கொடுக்கிறது. ஆனால் ஒரு பல், இரண்டு பல் கேப்புக்கு? நல்ல சிலிக்கான் அளவுக்கு ஈடாக நிற்கிறது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கேப்!

"லேப் தொழிலாளிகள் பிழைப்பு போய்விடாதா?" ஸ்டோன் ஊற்றி மெழுகில் பல் செதுக்குகிற கைகளை நான் குறைவாக நினைக்கவில்லை. பல்லின் மேடு பள்ளம் அந்தக் கைக்குத்தான் தெரியும். அதே மேடு பள்ளத்தைத் திரையில் செதுக்கவும் அவர்களுக்கே கற்றுக்கொடுங்கள். இந்தியாவின் பெரிய பல் லேப்களில் ஒன்று கேரளத்தில் மூவாற்றுப்புழாவில் இருக்கிறது. பெருநகரம் இல்லை, சிறு ஊர்தான். வேலை சிறு ஊருக்கு வர முடியும் என்றால் புதுக்கோட்டைக்கும் வர முடியும்.

கடைசிப் பதில்தான் இருப்பதிலேயே மோசம்: "கிராமத்து ஜனங்களுக்கு எதுக்குத் தம்பி கேப்பெல்லாம்? வலிச்சா புடுங்கிட்டுப் போவாங்க." இதைப் படித்தவர்களே சொல்கிறார்கள். பிடுங்குவதை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை ஐயா. நாலு நாள் கூலியையும் ஒரு பல்லையும் தராசில் வைத்தால் எது கனக்கும் என்று பார்த்துத்தான் பிடுங்கிக்கொள்கிறோம். தட்டில் இருக்கும் நாலு நாளை ஒரு நாளாக்கிப் பாருங்கள், யார் பிடுங்கச் சொல்கிறார்கள் என்று அப்புறம் பேசலாம்.

இதெல்லாம் கனவு என்று நினைத்தால் தேனிப் பக்கம் பாருங்கள். 2000களின் நடுவிலேயே அரவிந்த்காரர்கள் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்கள் வைத்து, வயர்லெஸ் இணைப்பில் ஆஸ்பத்திரி டாக்டரோடு நோயாளியைப் பேச வைத்தார்கள். நோயாளி ஊரில், டாக்டர் நகரத்தில். கண்ணுக்கு முடிந்தது பல்லுக்கு ஏன் முடியாது? அரசே 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வரும்போது, பல் மட்டும் ஏன் மருத்துவத்தைத் தேடிப் போக வேண்டும்?

எங்கள் மாவட்டத்துக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு ஸ்கேனர் பெட்டியும் ஒரு டாக்டரும் முறை வைத்து இலுப்பூர் உட்பட தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கு வரட்டும். பல்லை அரைப்பதும் ஸ்கேன் எடுப்பதும் இங்கேயே நடக்கட்டும். இரண்டு, கேப்பைக் கல்லூரி லேபிலேயே வடிவமைத்துக் கடையட்டும். மாணவர்களுக்கும் பயிற்சி, எங்களுக்கும் கேப். மூன்று, ஸ்கேன் ஃபைலின் ஒரு பிரதியை நோயாளி கையில் கொடுங்கள். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி வருகிறோம் இல்லையா? நாளைக்குக் கேப் கழன்று விழுந்தால் அந்தப் பல் எப்படி இருந்தது என்று காட்ட அது இருக்கும். அம்மாவின் பல் அம்மாவுடையது, கிளினிக்குடையது இல்லை.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "எல்லாம் சரிடா, அந்தப் பெட்டி எப்போ வரும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய இடது பக்கத்துப் பல் ஒன்றும் இப்போது கூச ஆரம்பித்திருக்கிறது.