தோளும் முழங்காலும்

பதின்வயதில் கைப்பந்து ஆடுவோரின் உடல்நிலைப்பாடு, அதாவது தலை, தோள், முதுகெலும்பு, இடுப்பு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று அமையும் முறை, அவர்கள் எம்பும் உயரம் அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. ஆடவருக்கு 2.43 மீட்டரும் மகளிருக்கு 2.24 மீட்டரும் உயர்ந்து நிற்கும் வலைக்கு மேலே ஒரே கையால் ஓங்கி அடிப்பது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, அடிக்கும் பக்கத்துத் தோள் சற்றே தாழ்வதும் தோள்பட்டை எலும்பு முன்நோக்கிச் சரிவதும் பலரிடம் காணப்படுகின்றன. தாழ்ந்த தோள் எல்லாம் நோயன்று. ஆனால் அவ்வெலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகள் வலுவிழந்தால் வலி வரும், அடியின் வேகமும் குறையும்.

இதைவிடக் கவலைக்குரியது தரையிறங்கும் முறை. உடல் வேகமாக வளரும் பருவத்தில், முழங்காலையும் இடுப்பையும் மடக்காமல் விறைப்பாகக் குதித்து இறங்குவோருக்கு, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் நைந்து வலிக்கும் தொல்லை எளிதில் நேர்கிறது. சிமென்ட் தளத்தில் ஆடினால் அது இன்னும் கூடலாம்.

வடசென்னையின் எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம் வட்டாரத்தில் கைப்பந்து ஆடும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் எட்டுவதில்லை. ஆகவே, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக்கல்வித் துறையும் இணைந்து, இப்பகுதிப் பள்ளி அணிகளுக்கு ஆண்டுதோறும் உடல்நிலைப்பாட்டுப் பரிசோதனை நடத்தவும், தரையிறங்கும் முறையை உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கவும் முன்வர வேண்டும்.