மலைநாட்டு டெய்சிக்குக் கச்சான் காற்றைப் பழக்க முடியாது



பாடசாலையில் ஒரு விழா, ஒரு மேற்பார்வை என்று அறிவித்தால் போதும். வகுப்புக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் சல்லி சேர்த்து, நுவரெலியாப் பக்கமிருந்து பூச்சாடிகளை இறக்குவது வழக்கமாகி வருகிறது. வெள்ளை டெய்சி, சிவப்பு பாபட்டன். படம் எடுக்கும் வரை அழகுதான். சில வாரங்களில் கன்று கருகிவிடும், சாடி மட்டும் மிஞ்சும். "எங்கட மண்ணில ஒண்டும் வராது சேர்" என்கிறார்கள் பிள்ளைகள். சல்லி போவதைவிட இந்தப் பேச்சுத்தான் எங்களுக்குக் கவலை.

மண்ணில் பிழை இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த வெள்ளைப் பூ சாஸ்டா டெய்சி. லூதர் பேர்பாங்க் என்பவர் கலிபோர்னியாவில் உருவாக்கி 1901 இல் வெளியிட்ட கலப்பினம். குளிரை விரும்பும் செடி. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கள் கரையோரத்தில் இரவிலும் வியர்க்கிறது. மாரி மழையில் அதன் வேர் அழுகும், தப்பினால் கச்சான் காற்று இலையைச் சுடும்.

பாபட்டன் கதை வேறு. அது தென்னாபிரிக்காவின் பாபர்டன் பகுதிச் செடி, கவனித்தால் இங்கும் பிழைக்கும். காலை வெயில், மதியத்துக்குப் பின் நிழல், தண்ணீர் தேங்காத மண் இருந்தால் போதும். பெரும்பாலும் அதைக் கொல்வது நடும் முறைதான். இலைகள் கிளம்பும் நடுக்கொண்டையை மண்ணுக்குள் புதைத்து, அதன் தலையிலேயே தண்ணீரும் ஊற்றினால் அழுகாமல் என்ன செய்யும்? கொண்டை மண்ணுக்குச் சற்று மேலே தெரிய வேண்டும்.

ஆனால் பாடசாலைத் தோட்டத்துக்கு நாங்கள் கேட்பது சீனியா, மஞ்சள் கொஸ்மோஸ், துலுக்கச் சாமந்தி. மூன்றும் டெய்சிக் குடும்பமே. மூன்றும் மெக்சிக்கோ பக்கத்து வெயிலில் பிறந்தவை. (மெக்சிக்கோப் பூவுக்குத் தமிழில் எங்கள் பெயரைக் கட்டிவிட்டார்கள். பரவாயில்லை, ஏற்றுக்கொள்வோம்!) மாரி ஓய்ந்ததும் மணலில் கூட்டெருவும் தும்புச்சோறும் கலந்து விதையுங்கள். சீனியா ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். ஈரக்காற்றில் அதன் இலையில் வெள்ளை மாப் போலப் பூஞ்சணம் படியும். அதனால் ஒரு அடி இடைவெளி விட்டு நடுங்கள், இலையை நனைக்காமல் அடியில் ஊற்றுங்கள். லுஹருக்கு வுழூச் செய்யும் குழாயடியில் வீணாக ஓடும் தண்ணீரை வாளியில் பிடித்தாலே ஒரு பாத்திக்குக் காணும்.

"விழாவன்று பூ இருக்க வேண்டுமே" என்பார்கள். விழாத் திகதி முன்கூட்டியே தெரியும்தானே? இரண்டு மாதம் பின்னோக்கி எண்ணி விதைத்தால் சரி. காய்ந்த பூத்தலையிலிருந்து அடுத்த முறைக்கு விதையும் கிடைக்கும், பெற்றோரிடம் மறுபடி கை நீட்டத் தேவையில்லை. பாடத்துக்கும் உதவும். ஒரு சீனியாவைப் பிரித்துக் காட்டினால், ஒரு பூ என்று நினைத்தது பல சிறுபூக்களின் கூட்டம் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும். வாங்கி வைத்த சாடியைப் பிரிக்க எந்தப் பிள்ளைக்கு விடுவார்கள்?

இன்னும் இரண்டு விஷயம். சாடிக்குக் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும். கிழமைக்கு ஒரு தடவையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், தட்டே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. மற்றது, "வெயிலுக்கு நல்லா வரும்" என்று யாரும் வெடேலியா தந்தால் வாங்காதீர்கள். மஞ்சள் டெய்சி போலத் தரையில் படரும் அந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் உள்ளது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். வேலி தாண்டிப் போனால் பிடுங்கி முடிக்க ஏலாது.

எங்களிடம் சீனியா விதை கொஞ்சம் இருக்கிறது. வேண்டியவர்கள் பிள்ளையிடம் ஒரு கடித உறை கொடுத்தனுப்புங்கள், இன்ஷா அல்லாஹ் போட்டு அனுப்புகிறோம்.