நின்று சமைப்பதே சமையலா?

அமெரிக்க இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை உணவாகப் பெயர்பெற்றது பாட் ரோஸ்ட். அதனை ஸ்லோ குக்கரில் செய்வோர் மீது ஓர் ஏளனம் நெடுநாளாக உண்டு. அலமாரியிலுள்ள டப்பாவையும் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டிவிட்டு வெளியே போய்விடுவது எப்படிச் சமையலாகும் என்பதே அது. இந்த ஏளனம் நாவின் சுவையறிவிலிருந்து எழுவதன்று. அடுப்பின்முன் நின்ற நேரத்தைக் கொண்டு அன்பை அளக்கும் வழக்கத்திலிருந்து எழுவது என்பது என் எண்ணம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ரோஸ்ட் என்று சொன்னாலும் இதில் தீயில் வாட்டுதல் இல்லை. மூடிய கலத்தில், சிறிதளவு நீரில், மெல்ல வேகும் இறைச்சி இது. நம் பழைய இலக்கியச் சொற்களில் தேடினால் 'சூடு' பொருந்தாது. 'புழுக்கு' என்பதே பொருந்தும். மாட்டின் தோள்பகுதியில் எடுக்கும் சக் என்னும் கடினமான துண்டே இதற்கு உகந்தது. அதிலுள்ள கொலாஜன், பல மணிநேர ஈரவெப்பத்தில் ஜெலட்டினாக இளகிச் சாற்றுக்குச் செறிவு தருகிறது. கொழுப்பற்ற மென்துண்டோ இதே கலத்தில் வறண்டு போகும். ஆகவே இங்கே உழைப்பது கையைவிடக் காலமே.

செய்முறையும் எளிது. உருளைக்கிழங்கும் கேரட்டும் இக்கலத்தில் மெதுவாகவே வேகுமாதலால் அவை அடியில் இருக்க வேண்டும். அவற்றின்மேல் உறைநிலை நீங்கிய ஒன்றரைக் கிலோ இறைச்சி. பிறகு வெங்காயம், பூண்டு, ஒரு டப்பா தக்காளி, 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், மிளகு, பிரிஞ்சி இலை. சோயா சாஸிலேயே உப்பு உண்டு என்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துச் சேர்க்கலாம். குறைந்த சூட்டில் 8 மணி நேரம். இடையில் மூடியைத் திறந்தால் வெப்பம் வெளியேறி நேரம் நீளும். இவ்வளவே.

இக்கலத்தின் வரலாறும் கவனிக்கத்தக்கது. இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்சன். லித்துவேனியாவில் வளர்ந்த தம் தாய் சொன்ன கதையே அவருக்குத் தூண்டுதல். யூதர்களின் ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது. எனவே வெள்ளி மாலையே சோலன்ட் என்னும் உணவுக்கலத்தை அடுமனைக்குக் கொடுத்தனுப்புவார்கள்; தணிந்துவரும் அடுப்பின் வெப்பத்தில் அது இரவெல்லாம் வேகும். ரைவல் நிறுவனம் 1970இல் நாக்சனின் தொழிலை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் இக்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. சமைப்பவரும் ஓய்வு கொள்ள வேண்டும் என்ற சமயநெறியில் பிறந்த முறை, ஓய்வே இல்லாதவர்களின் கருவியாயிற்று.

பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்து ரிப்ளியைச் சேர்ந்த ராபின் சாப்மன் உருவாக்கிய பாட் ரோஸ்ட் நாடெங்கும் பரவியது. ரேஞ்ச் பொடி ஒரு பொட்டலம், இறைச்சிச்சாற்றுப் பொடி ஒரு பொட்டலம், வெண்ணெய், ஊறவைத்த பெப்பரொன்சினி மிளகாய்: அவ்வளவுதான். 2016இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சாம் சிஃப்டன் இதைப் பற்றி எழுதியபோது பொட்டலங்களை நீக்கி ஒரு செய்முறை தந்தார். உப்பைக் குறைக்க விரும்புவோருக்கு அது நல்ல வழி. ஆயினும் மாலை 6 மணிக்குக் களைத்து வீடு திரும்பும் ஒருத்திக்குப் பொட்டலம் மிச்சப்படுத்தித் தரும் கால் மணி நேரத்தைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. கலம் அவளுக்கு 8 மணி நேரத்தை விடுவித்தது. அந்நேரம் அவளுடைய ஓய்வாகவில்லை, அலுவலக உழைப்பாயிற்று. காலையில் வெங்காயம் நறுக்குவதும் இரவில் கலத்தைக் கழுவுவதும் பெரும்பாலும் அவளிடமே தங்கின. இத்தனைக்கும் பின்னர் 'இது சமையலே அன்று' என்பது, இருமுறை உழைப்பவளின் ஓர் உழைப்பைக் கணக்கிலிருந்தே நீக்குவதாகும். சுவையில் குறையிருந்தால் தாராளமாகச் சொல்லலாம். அவள் அருகில் நிற்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்பவர், அந்தக் கலத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சொல்லட்டும்.